மதுரைக்குப் போகும் படிப்பும் டூட்டியோடு நடக்கும் படிப்பும்

திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு நர்ஸ்தான் இருப்பார். பிரசவ வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கும் பெண், கரிமூட்டத்தில் கால் சுட்டுக்கொண்ட கூலியாள், கண்மாய்க் கரையில் பாம்பு கடித்துத் தூக்கிவரப்பட்டவர் என்று யார் வந்தாலும் முதலில் தொடும் கை அவருடையது. டாக்டருக்குப் போன் போடுவதும், 108க்குச் சொல்வதும், ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருப்பதும் அவர்தான். ஊர் அவரை ‘நர்சம்மா’ என்று கூப்பிடுகிறது. அவரிடம் இருப்பது ஜி.என்.எம். என்னும் நர்சிங் பட்டயம். பத்து வருஷம் இப்படிப் பணியாற்றிய பிறகும் அவர் பட்டதாரி நர்ஸ் ஆவதில்லை.

பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நர்சிங் பள்ளியில் பாடம் நடத்தும் ட்யூட்டர் பணிக்குப் பட்டம் வேண்டும். எம்.எஸ்சி. படிக்கப் பட்டம் வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனைகள் பல முதலில் கேட்பதும் அதைத்தான். இதெல்லாம் நர்சுக்குக் கிடைக்கும் பலன். நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவர் குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளைப் பார்த்து 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டதாரி நர்ஸ்களின் பங்கு 10 விழுக்காடு கூடும் இடத்தில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்தது. ஐரோப்பாவின் கணக்கு அருப்புக்கோட்டைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நர்சின் படிப்பு நோயாளியின் உயிரைத் தொடுகிற காரியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஜி.என்.எம். முடித்தவர் பட்டம் வாங்க நம் நாட்டில் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, முழுநேரப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். இரண்டு ஆண்டு கல்லூரியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் பட்டம் தரும். நம் வட்டாரத்துக்கு இதன் பெயர் மதுரை. மற்றொன்று, இக்னோ என்று எல்லோரும் சொல்லும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய மூன்றாண்டுப் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். வேலையில் இருப்பவர் மட்டுமே படிக்கலாம் என்பதுதான் இன்னும் சரி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரிசல் காட்டில் வேலை பார்க்கும் ஒரு நர்சுக்கு எது எவ்வளவு எட்டும் என்று பார்க்கிறேன்.

வாசலிலேயே வித்தியாசம் தொடங்குகிறது. முழுநேரப் படிப்பு சான்றிதழைப் பார்க்கிறது: பிளஸ் டூ, ஜி.என்.எம்., நர்சிங் கவுன்சில் பதிவு. நேற்றுப் பட்டயம் வாங்கியவரும் பதினைந்து வருஷம் லேபர் வார்டில் நின்றவரும் அங்கே ஒன்று. இக்னோ படிப்பின் தகுதி விதி வேறு மாதிரி எழுதப்பட்டது. பிளஸ் டூவோடு ஜி.என்.எம். முடித்தவருக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். முடித்தவராக இருந்தால் ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் போதும். இந்த இரண்டாவது வரியை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மதிப்பு குறைவதில்லை. பள்ளிப் படிப்பில் விட்டுப்போன இரண்டு வருஷத்தை நோயாளியின் கட்டில் ஓரத்தில் நின்ற வருஷங்களால் ஈடுகட்டலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது.

அடுத்தது சம்பளம். இந்தப் பேச்சில் நியாயமாக முதலில் வந்திருக்க வேண்டியதும் இதுதான். அருப்புக்கோட்டை பக்கத்து நர்ஸ்களின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். அப்பா விசைத்தறியிலோ ஸ்பின்னிங் மில்லிலோ இருந்திருப்பார். அல்லது வானம் பார்த்த பூமியில் மக்காச்சோளமும் மல்லியும் போட்டிருப்பார். மகள் ஜி.என்.எம். படிக்க நகை அடகுக்குப் போயிருக்கும். வேலை கிடைத்ததும் முதலில் அந்த நகையை மீட்க வேண்டும், பிறகு தம்பி படிப்பு, பிறகு கல்யாணம். கல்யாணமான பிறகு சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்டவரிடம் போய், இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படி என்றால் அவர் சிரித்துவிட்டு நைட் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

நிரந்தரப் பணியில் இருப்பவருக்காவது படிப்பு விடுப்பு கேட்க விதியில் இடம் உண்டு. ஒப்பந்தப் பணியாளருக்கு எதுவும் இல்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்களின் தொடக்கச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டவர்கள் அவர்கள்தான். பிறகு தொகை உயர்ந்தது. ஆனால் நிரந்தரம் எப்போது வரும் என்று காத்திருப்பவர், இடையில் இரண்டு வருஷம் விலகினால் வரிசையில் தன் இடம் போய்விடுமோ என்று பயப்படுவது இயல்பு. தனியார் மருத்துவமனை நர்சுக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை; முழுநேரப் படிப்பு என்றால் ராஜினாமா, அவ்வளவுதான்.

படிப்புக்காக இந்த ஊர்க்காரர்கள் மதுரைக்குப் போவது புதிது இல்லை. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, உள்ளூர்ப் பள்ளி முடிந்ததும் திண்டுக்கல்லுக்கும் பிறகு மதுரைக்கும் போய்த்தான் படித்தார். போனவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். சித்தப்பா வீடு இருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் கட்டிலில் படுத்த மாமியாரும் உள்ள முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அதே மதுரை எவ்வளவு தூரம் என்பதை வரைபடம் காட்டாது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, தொலைநிலைப் படிப்புதான் உயர்ந்தது என்று நான் முடித்துவிடுவேன் என நினைக்க வேண்டாம். மதுரை தருவதை மதுரைதான் தர முடியும். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தென்மாவட்டங்களின் சிக்கலான கேஸ் எல்லாம் வந்து சேருகிறது. தலைக்காயம், தீக்காயம், வெண்டிலேட்டரில் கிடக்கும் விஷம் குடித்தவர், வலிப்போடு வரும் கர்ப்பிணி, மனநல வார்டு என்று ஒரே வளாகத்துக்குள் பார்க்கலாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருஷம் இருந்தாலும் மனநல நோயாளியை முறையாகப் பராமரிக்கும் வாய்ப்பு ஒரு நர்சுக்கு வராமலே போகலாம். போஸ்ட் பேசிக் பாடத்திட்டத்தில் மனநல நர்சிங் ஒரு தனித்தாள். அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும், மூத்த நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வார்டில் படித்தவருக்கும் உள்ள இடைவெளியைத் தேர்வு மதிப்பெண் மறைத்துவிடும். இரவு நேரத்தில் தன் கையில் கத்தியால் கீறிக்கொண்டு வந்து நிற்கும் இளைஞன் முன்னால் அது வெளியே வந்துவிடும்.

இக்னோ படிப்பும் செய்முறையை விட்டுவிடவில்லை. படிப்பு மையமாக இருக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் குறித்த நாட்களில் போயே ஆக வேண்டும், வருகை கட்டாயம். அந்த நாட்களுக்கு லீவு எடுக்க, டூட்டி மாற்றிக்கொள்ளச் சக நர்ஸ் ஒருவரின் தயவு வேண்டும். மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்க்கும் இடத்தில் ஒருவர் போனால் மற்ற இருவர் தலையில் விழும். அதனால் இந்தப் படிப்பை ஒருவர் முடிக்கிறார் என்றால் அவரோடு வேலை பார்ப்பவர்களும் சேர்ந்துதான் முடிக்கிறார்கள். நைட் டூட்டி முடித்துக் காலை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு வந்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பவரின் களைப்பை எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. ரிப்போர்ட்டும் ரிஜிஸ்டரும் எழுதிப் பழகிய கை, அசைன்மென்ட்டில் இரண்டு பக்கம் தொடர்ச்சியாக எழுதத் திணறும். பாதியில் விடுபவர்களைச் சோம்பேறி என்று சொல்பவர் ஒரு வாரம் அந்த டூட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆனால் ஓரிடத்தில் வேலையோடு படிப்பவருக்கு ஒரு பலம் இருக்கிறது. அதை மதுரை வகுப்பறையில் இருப்பவரிடம் நான் காணவில்லை. இரண்டு படிப்பிலும் நர்சிங் ஆய்வு என்று ஒரு பாடம் உண்டு. முழுநேரப் படிப்பில் அதோடு புள்ளியியலும் சேர்ந்து வரும். ஜி.என்.எம். படிப்பையும் பட்டத்தையும் பிரிக்கும் கோடு இதுதான் என்பது என் எண்ணம். பட்டயம், சொன்னதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்கிறது. ஆய்வுப் பாடம், ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறது.

மதுரையில் முழுநேரம் படிப்பவர் தன் சிறு ஆய்வுக்குப் பெரியாஸ்பத்திரி வார்டுக்குப் போவார். பதினைந்து நாளில் கேள்வித்தாளை நிரப்பி முடித்துவிடுவார். நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆகிப் போனபின் அவர்களை மறுபடி பார்க்க மாட்டார். திருச்சுழிப் பக்கம் வேலை பார்க்கும் நர்சின் மேஜையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கர்ப்பிணிப் பதிவேடு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஹீமோகுளோபின் அளவு, எடை, இரத்த அழுத்தம், எந்த மாதம் பதிவு, குழந்தையின் பிறப்பு எடை. இதைப் பல வருஷமாக அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். யாரோ மேலே கேட்கிறார்கள் என்பதற்காக எழுதினார். ஆய்வுப் பாடத்தைப் படித்த பிறகு அதே பதிவேடு அவரிடம் பேசத் தொடங்குகிறது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பத்துப் பெண்களுக்கு இரத்தம் எப்படி இருக்கிறது? வேலை தேடி வெளியூர் போய் ஏழாம் மாதம் திரும்பி வரும் பெண் எத்தனை செக்கப்பைத் தவறவிட்டிருக்கிறாள்? கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடாமல் பரணில் போடுவதற்குக் காரணம் மறதியா, வயிற்றுப் புரட்டலா, மாமியார் சொல்லா? இந்தக் கேள்விகளைக் கேட்க வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் முதலில் அந்தப் பெண்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். நர்சம்மாவிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. பதிலைக் கண்டுபிடித்த மறுநாளே தன் வேலையை மாற்றிக்கொள்ளவும் அவரால் முடியும். 2018இல் இந்தியாவின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டில் ஒன்று விருதுநகர், இன்னொன்று இராமநாதபுரம். இந்த இரண்டின் எல்லைக்கு அருகே கிடக்கும் திருச்சுழி வட்டாரத்தில், பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த நர்சைவிட உபயோகமான ஆள் யாரும் எனக்குத் தோன்றவில்லை.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுக் கல்லூரி மலிவு, இடம் குறைவு. தனியார் கல்லூரியில் இடம் கிடைக்கும். கடன் வாங்க வேண்டும். இக்னோவுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. ஒரு மையத்துக்கு இவ்வளவு பேர் என்று எல்லையும் உண்டு.

கொஞ்சம் கடல் தாண்டிப் பார்ப்போம். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் முழுநேரப் படிப்பாகத் தொடங்கியது. வேலையில் இருப்பவரின் நினைவு நமக்கு வர அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இலங்கையில் கதை தலைகீழ். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஏற்கெனவே பணியில் இருந்த தாதியருக்காகவே ஒரு பி.எஸ்சி. படிப்பைத் தொடங்கியது. அந்த நாட்டின் முதல் நர்சிங் பட்டமே அதுதான். ஆண்டு 1994, இக்னோ தொடங்கிய அதே ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2017இல் ஒரு சட்டம் போட்டது: புதிதாகப் பதிவுபெறும் நர்ஸ் பத்து ஆண்டுக்குள் பட்டம் முடித்தாக வேண்டும். கட்டாயம் என்று சொன்ன கையோடு பத்து ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள். அங்கே அதற்கான ஆன்லைன் படிப்புகளும் நிறைய இருக்கின்றன. வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டுத் தொலைநிலைக் கல்வி விதிகள், மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி ஆகியவற்றோடு நர்சிங்கையும் தொலைநிலையில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் வைத்தன. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல், 2021ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளையும் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தத் தடை வந்துவிட்டது. உளவியலும் ஊட்டச்சத்து அறிவியலும்கூட இதில் அடங்கும். டி.எம்.எல்.டி. என்னும் லேப் பட்டயம் முடித்து அருப்புக்கோட்டையில் லேபில் வேலை பார்க்கும் இளைஞருக்கும், எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கும் பட்டம் என்றால் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரி என்ற ஒரே வழிதான்.

தடையின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளை நோயாளியைத் தொடாமலே தபாலில் பட்டம் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தால் ஆபத்துதான். ‘வீட்டிலிருந்தே நர்சிங் டிகிரி’ என்று சுவரொட்டி ஒட்டிப் பணம் பறிப்பவர்களை ஒழிக்கத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. பதினைந்து வருஷம் பிரசவம் பார்த்தவரையும் அந்தப் பிள்ளையையும் விதி ஒரே தட்டில் வைக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படிக்கிறவர் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே படிக்கிறவர்.

ஆகவே என் தீர்ப்பு இது. பட்டயம் முடித்து ஓரிரு வருஷமே ஆன, குடும்பப் பொறுப்பு இறுகாத பெண்ணோ பையனோ என்றால் மதுரைக்குப் போங்கள். இரண்டு வருஷம் பெரியாஸ்பத்திரி கற்றுக்கொடுப்பதை வேறு யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். வேலையும் வீடும் பிடித்து நிறுத்தியிருப்பவர் என்றால், அந்த வாசல் திறந்திருக்கும் ஆண்டில் வேலையோடு படிப்பதே வழி. கற்றலிலும் அது எந்த விதத்திலும் இரண்டாந்தரம் இல்லை. வார்டுப் பயிற்சியில் மட்டும் அதற்குத் துணை வேண்டும். எந்தப் படிப்பானாலும், பணம் கட்டுவதற்கு முன்பு அந்த ஆண்டின் கையேட்டையும் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலையும் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று கட்ட வேண்டாம்.

வார்டுப் பயிற்சிக்கான அந்தத் துணை இப்போது மதுரை வரை போகாமலே கிடைக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். 2014க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 1,570 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்கு 11, விருதுநகரும் அந்தக் கணக்கில் வருகிறது. அங்கே வரும் இடங்களை எல்லாம் பிளஸ் டூ மாணவர்களுக்கே கொடுத்துவிடாமல், மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் ஜி.என்.எம். நர்ஸ்களுக்கென்று போஸ்ட் பேசிக் இடங்கள் ஒதுக்க வேண்டும். பாடத்தை அவர்கள் தம் இடத்திலேயே படிக்கட்டும். மாதத்தில் சில நாள் விருதுநகருக்கு வந்து, தாங்கள் பார்க்காத வார்டுகளில் மட்டும் நிற்கட்டும். தினமும் பார்க்கும் பிரசவமும் தடுப்பூசியும் பயிற்சிக் கணக்கில் சேரட்டும். வகுப்பு நாள் பணி நாளாக எண்ணப்படட்டும். அந்த நாளுக்கு மாற்று நர்ஸ் வரட்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையும் நர்சிங் கவுன்சிலும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிவெடுக்கக்கூடிய விஷயம் இது.

அருப்புக்கோட்டை, திருச்சுழித் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களையும் மாவட்ட ஆட்சியரையும் சந்திக்கும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால், சாலை, குடிநீர் மனுவோடு இந்த ஒரு மனுவையும் சேர்த்துக் கொடுங்கள்.